குடியை நிறுத்தியபின்: வாசகர் கேள்விகளும் ஆலோசகரின் பதில்களும்

(இம்முறை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை அவர்களுடைய விருப்பப்படி விட்டுவிட்டோம்.)

கேள்வி: என் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் குடியை நிறுத்தினார். எட்டு மாதமாகத் தொடவில்லை. ஆனால் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கிறது. "குடித்தபோதே நன்றாக இருந்தான்" என்று மாமியாரே சொல்கிறார். குடிக்காமல் இருக்கிறார் என்பதற்காக மட்டும் இவரைத் தெளிந்தவர் என்று சொல்ல முடியுமா? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: சகோதரி, எட்டு மாதம் குடிக்காமல் இருந்ததைச் சிறிதாக எண்ணாதீர்கள். அது இல்லாமல் மற்ற எதையும் தொடங்கவே முடியாது. ஆனாலும் நீங்கள் கேட்கும் தெளிவு அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபின் எனக்குத் தோன்றுகிறது.

இதில் உடம்பின் பங்கு ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடித்தவரின் மூளை, மது தன்னை மந்தப்படுத்துவதை ஈடுகட்டுவதற்காகத் தன்னை எப்போதும் முடுக்கிவிட்டே பழகியிருக்கும். மது நின்ற பிறகு கைநடுக்கமும் வியர்வையும் ஒரு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். ஆனால் இரவில் தூக்கம் கலைவதும், சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவதும், எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பதும் பல மாதங்கள் நீடிப்பதுண்டு. காற்று விழுந்த பிறகும் கடல் உடனே அடங்கிவிடுவதில்லை என்பதை உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் காலத்தில் தூக்கமின்மையும் சோர்வும் மிகுதியாக இருந்தால், குடிக்கு அடியில் மனச்சோர்வு நோய் மறைந்து கிடந்ததா என்பதை ஒரு மனநல மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதைக் காட்டலாம்.

உடம்புக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் கிடக்க நேருமோ என்ற அச்சத்தையும், படகு உரிமையாளரான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் தீராத கவலையையும், வெறும் வலையோடு திரும்பிய நாளின் ஆத்திரத்தையும் இத்தனை ஆண்டுகள் அவர் மதுவால் அமுக்கி வைத்திருந்தார். இப்போது மது இல்லை, அச்சமும் கடனும் ஆத்திரமும் அப்படியே இருக்கின்றன, அவற்றை வேறு எப்படிக் கையாள்வது என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் நெடுங்காலம் இருப்பவர்கள் இந்த நிலையை ஒரு பார்வையிலேயே கண்டுகொள்வார்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்ததிலிருந்து அந்த அமைப்பு பிறந்தது. வில்சன் அப்போது குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வேலை கைகூடாமல், அறிமுகமில்லாத ஊரில், மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சிய நேரத்தில் தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் பிடித்துப் பேசினார். குடிக்கத் தோன்றுகிறது என்பதை வாய்விட்டு இன்னொருவரிடம் சொல்வதுதான் அங்கே முதல் மருந்தாக இருந்தது. உங்கள் கணவர் இந்த எட்டு மாதத்தில் ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகத் தாங்குகிறார் என்றால், அவருக்குக் கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குடியை விட்ட இன்னொரு மீனவராக இருந்தால் இன்னும் நல்லது.

உங்களுக்கும் இரண்டு சொல்ல வேண்டும். தட்டு எறிவதையும் கை நீட்டுவதையும் மீட்சியின் பெயரால் பொறுத்துக்கொள்ளக் கூடாது. கை நீளுமானால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. அடுத்தது, இத்தனை காலம் சட்டைப் பையைத் துழாவி, வாயை முகர்ந்து, பணத்தை ஒளித்து வாழ்ந்த உங்கள் மனமும் இன்னும் அந்தக் காவலை விட்டு இறங்கியிருக்காது. குடிநோயாளியின் குடும்பத்தாருக்கென்றே 1951இல் அல்-அனான் என்ற தனி அமைப்பைத் தொடங்கியவர்களில் பில் வில்சனின் மனைவி லோயிஸும் ஒருவர். கணவர் குடியை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் மனைவியருக்கு அப்படியொன்று தேவைப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். மாமியாரிடம் மட்டும் அந்த வாக்கியத்தை இனிமேல் அவர் காதுபடச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீண்டும் குடிக்கக் காரணம் தேடும் மனத்துக்குத் தாயின் வாயிலிருந்து வரும் அனுமதியைவிட வேறென்ன வேண்டும்?

கேள்வி: பிராந்தியை விட்டுவிட்டேன். வாரம் ஒருமுறை பீர் மட்டும். இதைக் குடியை விட்டதாகக் கணக்கில் வைக்கலாமா? (வாசகர், பாம்பன்)

பதில்: வைக்க முடியாது, தம்பி. 8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 650 மில்லி பீர் பாட்டிலில் சுத்த ஆல்கஹால் 52 மில்லி இருக்கிறது, 42.8 விழுக்காடு உள்ள 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி. இரண்டு பீர் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிடும். அளவோடு குடிக்கத் தெரிந்தவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. பிராந்தியை விட வேண்டிய நிலைக்கு வந்த ஒருவர் பீருக்கு மாறுவது, சரக்கின் பெயரை மாற்றிக்கொள்வது மட்டுமே. கஞ்சாவுக்கும் வலி மாத்திரைக்கும் மாறுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: என் அண்ணன் ஆண்டுதோறும் ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாளும் சுத்தமாக இருப்பார். மாலையைக் கழற்றிய அன்றே தொடங்கிவிடுவார். நினைத்தால் நிறுத்த முடிகிறவரைக் குடிநோயாளி என்று எப்படிச் சொல்வது? எத்தனை நாள் குடிக்காமல் இருந்தால் குணமானதாகக் கொள்ளலாம்? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: நிறுத்துவது குடிநோயாளிகள் பலருக்கும் முடிகிற காரியம். நிறுத்திய நிலையிலேயே நிற்பதுதான் அவர்களுக்கு முடியாமல் போகிறது. தவக்காலத்தில் நாற்பது நாள் விடுகிறவர்களையும் ரமலான் மாதம் முழுதும் தொடாமல் இருக்கிறவர்களையும் இதே கடற்கரையில் பார்க்கலாம்.

மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு ஒன்று 2013இல் புதிய பதிப்பாக வந்தது. மதுப் பழக்கத்தால் வரும் கோளாறின் அறிகுறிகள் மூன்று மாதம் இல்லாமல் இருந்தால் தொடக்க நிலைத் தணிவு என்றும், பன்னிரண்டு மாதம் இல்லாமல் இருந்தால் நிலைத்த தணிவு என்றும் அது வகுக்கிறது. குடிக்கத் தோன்றும் ஆசை மட்டும் இருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அதே கையேடு இன்னொரு குறிப்பையும் சேர்க்கிறது: மது கிடைக்காத இடத்தில், அதாவது சிறையிலோ பூட்டிய மருத்துவமனைப் பிரிவிலோ, ஒருவர் குடிக்காமல் இருந்தால் அது கட்டுப்பட்ட சூழலில் வந்த தணிவு என்று தனியாக எழுத வேண்டும். உங்கள் அண்ணனுக்கு மாலை அப்படிப்பட்ட ஒரு சூழல். கழுத்தில் மாலை இருக்கும்வரை நண்பர்கள் கூப்பிட மாட்டார்கள், கடைக்காரரும் ஒரு மாதிரி பார்ப்பார், தெய்வ பயமும் இருக்கும். அவை எல்லாம் விலகும் 42ஆம் நாள் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இதனால் விரதத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். 41 நாள் தெளிந்த தலையோடு இருக்கும் மனிதரிடம் பேசக் கிடைக்கும் வாய்ப்பு எளிதில் வராது. மாலையைக் கழற்றுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க நாள் குறித்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், மாலை போடுவதற்காகத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், இல்லாத குரல்கள் கேட்கும், காய்ச்சலும் படபடப்பும் வரும். நம் ஊர்களில் இதைச் சாமி வந்ததாகவோ பேய் பிடித்ததாகவோ எடுத்துக்கொண்டு அலைக்கழிக்கிறார்கள். இது மருத்துவமனையில் படுக்க வைத்து, தயாமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் கொடுக்க வேண்டிய அவசர நிலை. ஏர்வாடி தர்காவுக்கு வேண்டிக்கொள்வதை நான் தடுக்கவில்லை, ஆனால் முதலில் மருத்துவமனை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை இந்த மாவட்டம் மறந்திருக்காது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பொருள்களால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோயாகவே கருதுகிறது. சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. கட்டிப்போட்டோ அடித்தோ குடியை விடவைப்பதாகச் சொல்லும் எந்த மையத்திலும் அண்ணனைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் விசைப்படகில் இரண்டு ஆண்டுகள் குடிக்காமல் வேலை செய்த ஒருவர், கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா முடிந்து வந்த வாரத்தில் மறுபடி குடித்துவிட்டார். அந்த இரண்டு ஆண்டும் வீண்தானா? இனி அவரைப் படகில் ஏற்றலாமா? (படகு உரிமையாளர், மண்டபம்)

பதில்: ஐயா, வீண் இல்லை. நாள்களை எண்ணுகிறவர் இனி ஒன்றிலிருந்து எண்ணுவார். அந்தக் கணக்கு அவருக்கு உரியது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் ஈரல் தேறியதும், கடன் குறைந்ததும், குடிக்காமல் ஒரு தீபாவளியையோ கிறிஸ்துமஸையோ கடக்க முடியும் என்று அவர் கற்றதும் ஒரு குவார்ட்டரால் அழிந்துவிடுவதில்லை. சறுக்கல் பெரும்பாலும் பாட்டிலைத் திறந்த அன்று தொடங்குவதில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பே அவர் ஏ.ஏ. போன்ற கூட்டத்துக்குப் போவதை விட்டிருப்பார், யாரிடமோ கோபத்தை வைத்துக்கொண்டிருப்பார், "எனக்கு இனிமேல் ஒன்றும் ஆகாது" என்று சொல்லத் தொடங்கியிருப்பார். அந்த வாரங்களை அவரோடு உட்கார்ந்து பின்னோக்கிப் பாருங்கள். குடித்ததை அவராக வந்து உங்களிடம் சொன்னாரா, பிறர் சொல்லித் தெரிந்ததா என்பதும் முக்கியம். மறைக்காமல் வந்து சொன்னவர் பாதையை விட்டுத் தொலைவு போய்விடவில்லை.

படகைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு நாள் குடித்துவிட்டு நிறுத்தியிருந்தால், முற்றிலும் தெளிந்த பிறகு அழைத்துச் செல்லலாம். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் நாள்தோறும் குடித்திருந்தால் மருத்துவர் பார்க்காமல் ஏற்ற வேண்டாம், அதற்குக் காரணம் உங்கள் தொழிலின் கால அளவிலேயே இருக்கிறது. உடம்பு மதுவுக்கு அடிமையானவருக்கு, கடைசியாகக் குடித்த ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வருமானால் பெரும்பாலும் 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வரும். இரவு ஒன்பது மணிக்குக் கடைசியாகக் குடித்தவர் காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் எடுத்த படகில் ஏறி மறுநாள் காலை கரைக்குத் திரும்புகிறார் என்றால், ஆபத்தான மணிகளில் பாதிக்கு மேல் அவர் கடலில்தான் இருப்பார். வலை இழுக்கும்போது விளிம்பில் நிற்பவருக்கு வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இதற்குப் பயந்துதான் சிலர் படகிலேயே பாட்டிலை வைத்துக்கொள்கிறார்கள். குடித்தவரைவிடத் திடீரென நிறுத்தியவரைப் பற்றி உரிமையாளர் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கிறது என்பது கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும் உண்மை.

இன்னொன்றும் உங்கள் கையில் இருக்கிறது. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் பற்றி மீண்டு வருகிறவர்களை எச்சரிப்பது வழக்கம். இவற்றில் ஒன்று மிகும்போதே குடிக்கத் தோன்றும். இரவெல்லாம் தூங்காமல் வேலை செய்து, மீனைப் பிரித்து இறக்கி, விலை படியாமல் ஏலத்தில் நொந்து, பங்குப் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஒருவர் கரையில் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நான்கும் சேர்ந்து வருகின்றன. அந்த நேரத்துக்கு என்ன செய்யலாம் என்று அவரையே கேளுங்கள். இறங்கியதும் சூடாகச் சாப்பாடு, அவர் ஒப்புதலோடு பங்கை வங்கிக் கணக்கில் போடுவது, வீடு வரை கூட நடக்க ஒரு குடிக்காத கூட்டாளி ஆகியவற்றை ஏற்பாடு செய்வது உங்களுக்குப் பெரிய செலவில்லை. பங்கோடு குடிக்கென்று தனியாகப் பணம் கொடுக்கும் பழக்கம் உங்கள் படகில் இருந்தால் அதை எல்லாருக்குமே நிறுத்துங்கள். அவருக்கு மட்டும் நிறுத்தினால் அவமானம்தான் மிஞ்சும்.

கேள்வி: குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம் என்று விளம்பரம் பார்த்து மருந்து வாங்கியிருக்கிறேன். மகனுக்குக் குழம்பில் கலந்து கொடுத்தால் தெளிந்துவிடுவானா? (தாய், கீழக்கரை அருகே)

பதில்: அம்மா, கொடுக்காதீர்கள். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்படிப்பட்ட பொடிகளில் டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருக்கக்கூடும் என்பதே என் அச்சம். மதுவோடு சேரும்போது அது என்ன செய்யும் என்பதை 1940களின் இறுதியில் டென்மார்க்கின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மது உடம்பில் உடையும்போது உருவாகும் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சை மேற்கொண்டு உடையவிடாமல் அது தடுக்கிறது. அந்த நிலையில் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் வாய்ப்புண்டு. கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை நீடிக்கலாம். இதயத்தையும் ஈரலையும் சோதித்து, எல்லாவற்றையும் நோயாளிக்கு விளக்கி, அவர் ஒப்புக்கொண்ட பின்னரே மருத்துவர்கள் அதைத் தருவார்கள். அப்படித் தரும்போது அது நல்ல மருந்து. இன்று குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே காலையில் அதை விழுங்குகிறவர் அன்றைய முடிவை அப்போதே எடுத்துவிடுகிறார். மகனுக்குத் தெரியாமல் கலக்கும்போது முடிவெடுக்கிறவர் நீங்கள், ஆபத்து அவனுக்கு. உண்மை தெரியவரும் நாளில் உங்கள் கையால் சாப்பிடவே அவன் மறுப்பான். 14446 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதை மீட்பு குறித்துக் கட்டணமில்லாமல் வழிகாட்டுவார்கள்; 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம்.

கேள்வி: விபத்துக்குப் பின் வலி மாத்திரைக்கு அடிமையானேன். இப்போது மருத்துவர் நாக்குக்கு அடியில் வைக்கும் பூப்ரனார்ஃபின் தருகிறார். ஒரு மாத்திரையை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய், இது தெளிவே இல்லை என்கிறார் என் மாமா. (வாசகர், தொண்டி)

பதில்: மாமாவின் அக்கறை புரிகிறது, ஆனால் அவர் சொல்வதை ஏற்க முடியாது. போதைக்காக மாத்திரையைத் தேடி அலைவதும், குறித்த அளவில் குறித்த நேரத்தில் மருத்துவர் பார்வையில் மருந்து எடுப்பதும் ஒன்றல்ல. சரியான அளவில் இது மயக்கம் தராமல் உடம்பின் தவிப்பை அடக்குகிறது; உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதையும் இதே சிகிச்சைக்குப் பயன்படும் மெத்தடோனையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. யாரோ சொன்னார்கள் என்று நீங்களாக நிறுத்திவிட்டு, ஒருநாள் பழைய அளவுக்குப் பழைய மாத்திரையை விழுங்கினால், அதைத் தாங்கும் சக்தியை உடம்பு இழந்திருப்பதால் மூச்சு நின்றுபோகலாம். வேலைக்குப் போகிறீர்களா, பொய் சொல்லாமல் இருக்க முடிகிறதா, மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டாமல் இருக்கிறீர்களா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் தெளிந்தவர்கள் வரிசையில் தயங்காமல் நில்லுங்கள். மருந்தைப் பழிக்கிறவர்கள் பலர் கையில் சிகரெட்டோடு அதைச் சொல்வதையும் பார்த்திருக்கிறேன். முன்பு சொன்ன பில் வில்சன் 1934 டிசம்பருக்குப் பிறகு மதுவைத் தொடவில்லை. புகைத்துக் கெட்ட நுரையீரலோடு 1971இல் இறந்தார்.

கேள்வி: குடியை விட்டு ஓராண்டு ஆகிறது. உடம்பு தேற அரிஷ்டம் குடிக்கலாமா? பதநீர்? (வாசகர், சாயல்குடி)

பதில்: அரிஷ்டமும் ஆசவமும் நொதிக்கவைத்துச் செய்யும் மருந்துகள், அவற்றில் இயற்கையாகவே ஆல்கஹால் உண்டு, சிலவற்றில் பீரின் அளவுக்கு வந்துவிடும். நீங்கள் குடியை விட்டவர் என்பதை வைத்தியரிடம் சொன்னால் சூரணமோ லேகியமோ தருவார். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காலையிலேயே குடிப்பதில் ஆல்கஹால் பற்றிய கவலை இல்லை. சுண்ணாம்பு குறைந்திருந்தாலோ வெயில் ஏறும்வரை வைத்திருந்தாலோ அது புளித்துக் கள்ளாகத் தொடங்கிவிடும். ஆகவே தெரிந்த பனையேறியிடம், மரத்தடியிலேயே வாங்குங்கள். பனங்காட்டுக்குள் போனாலே பழைய நினைப்பு வருகிறது என்றால் பதநீரையும் இந்தப் பருவத்துக்கு விட்டுவிட்டு, கருப்பட்டி வாங்கி வீட்டில் காப்பி போட்டுக்கொள்ளுங்கள்.